பாடத் தெரிந்தவர் எல்லாம் பாட்டு டீச்சர் அல்லர்

பள்ளிக்கூடத்தில் பாட்டும் ஆட்டமும் நாடகமும் சொல்லிக்கொடுக்க முதுகலைப் படிப்பு தேவையில்லை என்பது திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் விவாதத்துக்கே வராத முடிவு. கோயில் நடையில் கேட்டாலும், கார்த்திகத் திருநாள் அரங்கின் வாசலில் கேட்டாலும், சாலைக் கடைத்தெருவில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: நன்றாகப் பாடுகிற ஒருவரைக் கூட்டிவந்து வகுப்பில் நிறுத்தினால் போதும், அதற்கு எதற்கு இரண்டு வருஷப் படிப்பு? இந்த முடிவு தவறானது. அதன் விலையைக் கொடுப்பவர்கள், வீட்டில் பாட்டு வாத்தியார் வைத்துக்கொள்ள வழியில்லாத குழந்தைகள்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். கலை குருவிடமிருந்து வருவது; கல்லூரி அதைத் தராது. தைக்காட்டில் 1939-இல் தொடங்கிய இசைக் கல்லூரிக்கு முதல் தலைவராக வந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்? அவருக்குப் பின் 1963 வரை அதை நடத்திய செம்மங்குடி சீனிவாச ஐயர் எந்த முதுகலைத் தேர்வு எழுதினார்? பட்டத்தைக் கட்டாயமாக்கினால் பரம்பரை நாதஸ்வரக்காரரும் கதகளி ஆசானும் வெளியே நிற்க, மேடையேறிப் பழகாத மதிப்பெண்காரர் உள்ளே வருவார். அதோடு, பணியிடமே இல்லாத துறையில் இன்னும் இரண்டு வருஷம் படி என்று ஒரு ஏழைப் பிள்ளையிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்? வாரத்துக்கு ஒரு பீரியட் நடக்கும் பாடம். தேர்வில் மதிப்பெண்ணும் இல்லை. மாநிலப் பள்ளிக் கலைவிழாவான கலோல்சவம் வந்தால் வெளியிலிருந்து நல்ல ஆசிரியர்கள் வரத்தான் போகிறார்கள். பிறகு என்ன குறை?

இதில் சொல்லப்படும் செய்திகள் பெரும்பாலும் உண்மை. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் பிழை. என் தரப்பு இது: பள்ளியில் நிகழ்த்துகலை கற்பிப்பது மேடைக் கலைஞரின் தொழிலிலிருந்து வேறான ஒரு தொழில். கலையில் இளங்கலை முடித்தவருக்கு அந்தத் தொழிலைக் கற்றுத் தரும் தனி முதுகலைப் படிப்பு வேண்டும். பள்ளியின் நிரந்தரப் பணியிடத்துக்கு அதுவே தகுதியாக வேண்டும்.

1. குருநாதர்களைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், அந்தச் சாட்சிகள் என்ன வேலை செய்தார்கள் என்று பார்த்ததுண்டா?

செம்மங்குடி பட்டம் பெறாதவர், சரி. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் அவர் தைக்காட்டில் செய்துகொண்டிருந்தது என்ன? பாடத்திட்டம், தேர்வு, கானபூஷணம், கானப்ரவீணா என்று சான்றிதழ் வழங்கும் ஒரு கல்லூரியை நடத்திக்கொண்டிருந்தார். குருகுலம் ஒன்றே போதும் என்று அவர் நினைத்திருந்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சென்னையில் மியூசிக் அகாடமி 1931-இலேயே இசை ஆசிரியர்களுக்கென்று தனிக் கல்லூரி தொடங்கியது. அதன் முதல்வராக இருந்தவர் டைகர் வரதாச்சாரியார். குருகுல மரபின் உச்சியில் நின்ற மனிதர். பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி இசை கற்பிக்கும் முறையைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். பட்டத்துக்கு எதிராக இன்று சாட்சிக் கூண்டில் ஏற்றப்படும் அந்தத் தலைமுறைதான், ஆசிரியரை உருவாக்க நிறுவனம் வேண்டும் என்று முதலில் உணர்ந்த தலைமுறை.

பாறசாலை பொன்னம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். தைக்காட்டுக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி அவர். கானபூஷணமும் கானப்ரவீணாவும் தேறியவர். தொழிலைத் தொடங்கியது காட்டன்ஹில் பெண்கள் பள்ளியில், பாட்டு டீச்சராக. பிறகு தான் படித்த கல்லூரிக்கே முதல் பெண் ஆசிரியரானார், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல்வராக ஓய்வு பெற்றார். பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த கிழக்கேகோட்டை நவராத்திரி மண்டபத்தில் 2006-இல் முதன்முதலாகப் பாடியவரும் அவர்தான். 2017-இல் பத்மஸ்ரீ வந்தது. அந்தக் காலத்தில் கிடைக்கக்கூடிய உயர்ந்த இசைப் படிப்பைப் படித்த ஒருவரைத் திருவிதாங்கூர் பள்ளிக்கூடம் ஆசிரியராக வைத்திருந்தது. 1940-களில் இயல்பாக இருந்த ஒன்று இன்று ஆடம்பரமாகத் தோன்றினால், நாம் முன்னால் போகவில்லை என்று பொருள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. குரு சிஷ்யனைத் தேர்ந்தெடுக்கிறார். குரல் கேட்டு, காது பார்த்து, சிரத்தை பார்த்து, தேறாது என்று பட்டால் திருப்பி அனுப்பிவிடுகிறார். கல்லூரியும் நுழைவுத் தேர்வு வைத்துத்தான் எடுக்கிறது. பள்ளி ஆசிரியருக்கு அந்த உரிமை கிடையாது. மணி அடித்ததும் நாற்பது பேர் வருவார்கள். பாட ஆசைப்படுகிறவர், வாயே திறக்காதவர், சுருதியே பிடிபடாதவர், பின் பெஞ்சில் அடிதடி செய்பவர் எல்லாரும் அவருடைய மாணவர்கள்தான். அவர்களில் ஒருவர்கூடப் பாடகராகாமல் போகலாம்; அப்போதும் அந்த வகுப்பு பயனுள்ளதாக இருக்க வேண்டும். குருகுலத்துக்கு இப்படியொரு கடமை என்றுமே இருந்ததில்லை.

2. பாடத் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா?

தெரியாது. தெரிய வேண்டியவை என்னென்ன என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

முதலாவது குரல். ஒரு கட்டையிலோ ஒன்றரைக் கட்டையிலோ பாடிப் பழகிய ஆண் ஆசிரியர், தன் சுருதியிலேயே ஐந்தாம் வகுப்பைப் பாட வைக்கிறார். பத்து வயதுக் குழந்தைக்கு ஐந்தரை, ஆறு கட்டை சௌகரியம். ஆசிரியரின் சுருதியில் அந்தக் குழந்தை ஒன்று தொண்டையை நெரித்து மேலே கத்தும், இல்லையென்றால் கீழே முணுமுணுக்கும். இரண்டு வருஷம் இப்படிப் போனால் தனக்குப் பாட்டு வராது என்று அதுவே முடிவு கட்டிவிடும். ஏழாம், எட்டாம் வகுப்பில் பையன்களுக்கு மகரக்கட்டு வரும். அந்த மாதங்களில் எந்த எல்லைக்குள் பாட வைப்பது, எப்போது தாளத்துக்கும் கருவிக்கும் திருப்புவது, வகுப்பு சிரிக்கும்போது அந்தப் பையனை எப்படிக் காப்பாற்றுவது என்பதெல்லாம் தனி அறிவு. கச்சேரி மேடை இதைக் கற்றுத் தருவதில்லை. அங்கே குரல் உடைந்தவனை யாரும் உட்கார வைப்பதில்லை.

இரண்டாவது நேரம். வாரத்துக்கு நாற்பது நிமிஷம் ஒரு பீரியட். பரீட்சை, விழா, விடுமுறை போக வருஷத்தில் முப்பது பீரியட் கிடைத்தால் பெரிய விஷயம். ஆக மொத்தம் இருபது மணி நேரம். ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்ற படிவரிசை, நாள்தோறும் சாதகம் செய்து வித்வானாகப் போகிறவனுக்காக வகுத்தது. இருபது மணி நேரத்தில் அதைத் தொடங்கினால் மாயாமாளவகௌளையின் வாசலிலேயே வருஷம் முடிந்துவிடும். குழந்தைக்குச் சங்கீதம் அலுப்பு என்ற ஒரே பாடம்தான் மிஞ்சும். அந்த இருபது மணி நேரத்துக்கு வேறு வரிசை வேண்டும். எந்தப் பாட்டு முதலில், எந்தத் தாளம் எந்த வயதில், கேட்கப் பழக்குவது எப்போது, தானே மெட்டமைக்க விடுவது எப்போது என்று யோசித்து வகுத்த வரிசை. அதை வகுக்கக் கற்பதுதான் படிப்பு.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. ஸரளி வரிசையை ஒழுங்குபடுத்தியவர் புரந்தரதாசர் என்பது நம் மரபு. அடவு முதல் மார்க்கம் வரை பரதத்துக்கு வரிசை தந்தவர்கள் தஞ்சை நால்வர். அவர்களில் வடிவேலு இதே ஊரில், ஸ்வாதித் திருநாள் அவையில் இருந்தவர். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று சிந்திப்பதைப் பெரிய வித்வான்கள் தங்கள் தகுதிக்குக் குறைவாக நினைத்ததில்லை. அவர்கள் தம் காலத்து மாணவருக்குச் செய்ததைப் பள்ளி மாணவருக்கு யார் செய்வது?

மூன்றாவது ஆட்டமும் நாடகமும். சிமெண்டுத் தரையில் ஏழு வயதுக் குழந்தையை அரை மணி நேரம் அரைமண்டியில் நிறுத்துகிறவர் முழங்காலைப் பற்றி எதுவும் படிக்காதவர். பள்ளி நாடகத்தில் வாயாடிகளான மூன்று பேருக்கு வசனம் கொடுத்துவிட்டு மற்றவர்களை மரமாகவும் காவல்காரனாகவும் நிறுத்துகிறவர், அந்த மற்றவர்களுக்குத்தான் நாடகம் அதிகம் தேவை என்று தெரியாதவர். திருவனந்தபுரத்துக்கு அருகே வெஞ்ஞாறமூட்டுப் பக்கத்தில் ரங்கப்பிரபாத் 1970 முதல் குழந்தைகளோடு நாடகம் செய்துவருகிறது. ஜி. சங்கரப் பிள்ளையின் எண்ணங்களில் வேர்விட்ட அந்த அமைப்பு, குழந்தை நாடகம் பெரியவர் நாடகத்தின் சின்ன அளவு அல்ல என்பதை அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்திக் காட்டுகிறது. நம் பள்ளிக்கூடங்கள் அதைக் கவனித்தனவா என்பதுதான் கேள்வி.

கலை கற்பிப்பதற்குத் தனி அறிவு தேவை என்பதை அரசும் தன் தேர்வு வழியாக ஒப்புக்கொண்டிருக்கிறது. கேரள ஆசிரியர் தகுதித் தேர்வின் நான்காம் பிரிவு சிறப்பாசிரியர்களுக்கும் உரியது. குழந்தை உளவியலும் கற்பிக்கும் முறையும் அதில் கேட்கப்படுகின்றன. கேள்வி மட்டும் கேட்டுவிட்டு, இதை எங்கே போய்ப் படிப்பது என்று காட்டாமல் விட்டால் பயிற்சி மையங்களின் கையேடுதான் பேராசிரியர் ஆகும்.

3. எல்லா ஆசிரியரும் கலையைக் கலந்து நடத்தினால் தனி ஆசிரியர் எதற்கு?

புதுமை பேசுகிறவர்களின் வாதம் இது. 2019 முதல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பாடங்களோடு கலையை இணைக்கச் சொல்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதையே வலியுறுத்துகிறது. 2014-இல் ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு பி.எட். படிப்பை இரண்டு வருஷமாக்கியபோது, கல்வியில் நாடகமும் கலையும் என்றொரு தாளை எல்லாருக்கும் வைத்தது. நல்லதுதான். ஆனால் இந்த ஏற்பாட்டில் கலை எப்போதும் வேறு எதற்காவது வேலைக்காரியாகவே இருக்கிறது. ஒளிச்சேர்க்கையை வில்லுப்பாட்டாகப் பாடினால் குழந்தைக்கு ஒளிச்சேர்க்கை நினைவில் நிற்கும். வில்லுப்பாட்டு என்றால் என்னவென்று தெரியாது. அறிவியல் ஆசிரியரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரே ஒரு தாள் படித்தவர் அதற்கு மேல் என்ன செய்வார்? அவர் பக்கத்தில் வில்லுப்பாட்டு தெரிந்த, அதைக் குழந்தைகளோடு செய்யவும் தெரிந்த ஒரு சக ஆசிரியர் வேண்டும். இணைப்பு வெற்றி பெற வேண்டுமானால் இணைப்பதற்கு ஒருவர் பள்ளியில் இருந்தாக வேண்டும்.

2005-இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தையொட்டி அமைந்த கலைக் குழு, பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை நிறைவேற்றியிருந்தால் ஆசிரியர் தேவை தானாகவே எழுந்திருக்கும். கலப்பது செலவில்லாத வழி. அதனால்தான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது.

4. கலோல்சவம் இருக்கும்போது கேரளத்துக்கு என்ன குறை?

ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1957-இல் எர்ணாகுளத்தில் சில நூறு மாணவர்களோடு தொடங்கிய விழா, 2025 ஜனவரி 4 முதல் 8 வரை இதே திருவனந்தபுரத்தில் 25 மேடைகளில், 249 இனங்களில் நடந்தது. கிழக்கேகோட்டையின் புத்தரிக்கண்டம் மைதானத்தில்தான் ஊட்டுப்புரை என்ற உணவுக்கூடம். திருச்சூர் 1008 புள்ளி, பாலக்காடு 1007. ஒரே ஒரு புள்ளிக்காக மாநிலமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. 117.5 பவுன் தங்கக் கோப்பை திருச்சூருக்குப் போனது. இப்படிப்பட்ட விழாவைக் கண்டு தமிழ்நாடு பொறாமைப்படலாம். நானும் அதைக் குறைத்துப் பேசவில்லை.

மாநில மேடையேறுகிறவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். மாநிலத்தின் பள்ளிக் குழந்தைகள் முப்பது லட்சத்துக்கும் மேல். அதாவது இருநூறு பேருக்கு ஒருவர். அந்த ஒருவரையும் உருவாக்கியது பெரும்பாலும் பள்ளி அல்ல. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர், அவருக்குக் கொடுத்த கட்டணம், வாடகை ஒப்பனை, வாடகை உடை, பக்கவாத்தியக்காரரின் சன்மானம் எல்லாம் சேர்ந்து அவரை உருவாக்கின. போட்டி பெற்றோரின் பணப்பைக்குள் போய்விட்டது என்ற புகார் ஆண்டுதோறும் எழுகிறது. தனிநபர் வெற்றியாளருக்குத் தந்த கலாதிலகம், கலாபிரதிபை பட்டங்களை 2006-இல் கைவிட்டுப் பார்த்தார்கள். நோய் வேறு இடத்தில் இருந்ததால் அது தீரவில்லை. பள்ளிக்குள் ஆசிரியர் இல்லாத வெற்றிடத்தைச் சந்தை நிரப்புகிறது. சந்தையில் வாங்க முடிந்தவர் வாங்குகிறார்.

2025-இல் மங்கலம்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலப்புலயாட்டம் என்று ஐந்து பழங்குடி ஆட்டங்கள் போட்டியில் சேர்ந்தன. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் அந்த ஆட்டத்தை அந்த மக்களிடமிருந்து மரியாதையோடு கற்று, அதன் இடமும் பொருளும் கெடாமல் வகுப்பறைக்குக் கொண்டுவரத் தெரிந்தவர் பள்ளியில் யார்? அப்படி ஒருவர் இல்லாவிட்டால் வெளிப் பயிற்சியாளரின் பட்டியலில் ஐந்து புதிய இனங்கள் கூடும். அடுத்த ஆண்டு கட்டணமும் கூடும். திரை விழுந்ததும் அவர் போய்விடுவார். மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பது குழந்தைகள் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

5. பட்டம் கேட்டால் பரம்பரைக் கலைஞர் வெளியே நிற்பாரே?

எதிர்த்தரப்பின் வாதங்களில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான். சான்றிதழ் என்ற பெயரில் சாதியும் பணமும் உள்ளே நுழைந்த கதைகள் நம் கல்வியில் ஏராளம். ஆனாலும் இன்றைய நிலைமையைப் பாருங்கள். தகுதியைக் குறைவாக வைத்திருப்பதால் நாதஸ்வரக்காரர் பள்ளிக்குள் வந்துவிட்டாரா? பறையடிப்பவர் வந்தாரா? கூத்தாடுபவர் வந்தாரா? வரவில்லை. தாழ்ந்த தகுதியால் பயன் பெற்றது அவர்கள் அல்லர். அவர்களுடைய பெயரைச் சொல்லி வாதாடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தீர்வு இரண்டு வாசல் வைப்பது. நிரந்தர ஆசிரியருக்கு முதுகலை. கலைஞருக்குச் சான்றிதழ் கேட்காத, மரியாதையான ஊதியம் உள்ள வருகைப் பணி. வந்து தங்கிக் கற்பிக்கும் கலைஞர் என்ற ஏற்பாட்டைத் தேசியக் கல்விக் கொள்கையே பேசுகிறது. வரும் கலைஞரை வரவேற்கக் குழந்தைகளைத் தயார்ப்படுத்தவும், அவர் போன பின் அவர் விதைத்ததை வளர்க்கவும் பள்ளியில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் கலைஞரின் வருகை ஒரு நாள் வேடிக்கையோடு முடியும். முதுகலைக்குள் நுழையவும் இரண்டாவது வழி இருக்கட்டும்: இளங்கலைச் சான்றுக்குப் பதிலாகப் பத்து வருஷ மேடை அனுபவத்தை ஏற்கலாம். படிப்பைக் கைவிடாமலே வாசலை அகலப்படுத்த முடியும்.

6. வேலையே இல்லாத படிப்பைப் படிக்கச் சொல்வது துரோகம் அல்லவா?

இந்தக் கேள்வியில் காரணமும் விளைவும் தலைகீழாக நிற்கின்றன. வேலை ஏன் இல்லை? 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு குழந்தைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால், கலைக் கல்விக்கும் உடற்கல்விக்கும் தொழில் கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் என்று எழுதியிருக்கிறது. அறிவியலுக்கும் கணிதத்துக்கும் மொழிக்கும் ஆசிரியர், கலைக்குப் பகுதிநேரம். அந்த ஒரு வரி செய்த வேலையைத் தமிழ்நாடு கண்டது. 2012-இல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரை நாள் என்று நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை என்று பல பாடங்கள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும், 2024-இல், அந்த ஊதியம் 12,500 ரூபாய். பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததை எல்லாரும் பார்த்தோம்.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் என்ன? பாட்டுக்கும் தையலுக்கும் பெரிய படிப்பு வேண்டியதில்லையே என்பதுதான். படிப்பு வேண்டாம் என்பதால் ஊதியம் குறைகிறது. ஊதியம் குறைவதால் திறமையானவர் வருவதில்லை. வந்தவரும் நாலு இடத்தில் டியூஷன் எடுத்துக் களைத்துப்போகிறார். வகுப்பு சோபிப்பதில்லை. சோபிக்காத பாடத்துக்கு முழுநேரப் பணியிடம் எதற்கு என்று அடுத்த கோப்பில் எழுதுகிறார்கள். பட்டம் எதற்கு என்று கேட்கும் கலை ஆர்வலர், தனக்குத் தெரியாமலே அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறார்.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவற்றில் ஒன்றை மாணவர் எடுத்துப் படிக்க வேண்டும். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் அது தேர்வுப் பாடமாகத் தொடர்கிறது. பாடம் இருப்பதால் பணியிடம் இருக்கிறது. பணியிடம் இருப்பதால் பட்டதாரி இருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடமும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தர் பெயரில் உள்ள அழகியல் கற்கைகள் நிறுவகமும் அந்தப் பட்டதாரிகளை உருவாக்குகின்றன. அங்கே எல்லாம் பொன் என்று நான் சொல்லவரவில்லை. பரீட்சைக் கலை, குறிப்பெழுதும் கலை என்ற குறைகள் அங்கும் உண்டு. ஆனால் போரையும் இடப்பெயர்வையும் தாங்கிய ஒரு தமிழ்ச் சமூகம் தன் பிள்ளைகளுக்குப் பாட்டையும் நடனத்தையும் பாடவேளைக்குள் வைத்துக்கொண்டது. நமக்கு என்ன தடை?

இன்னும் தள்ளிப் போனால் ஹங்கேரி. நாட்டின் முதல் வரிசை இசையமைப்பாளரான ஸோல்தான் கோடாய் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பள்ளிக் குழந்தைகளின் பாட்டுக்குச் செலவிட்டார். நாள்தோறும் பாட்டு வகுப்புள்ள தொடக்கப் பள்ளி 1950-இல் கெச்கெமேட் நகரில் தொடங்கியது. பின்லாந்தில் 1979 முதல் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கே முதுகலை வேண்டும். பெரிய கலைஞரும் பெரிய படிப்பும் சின்னக் குழந்தையிடம் போவது அந்த ஊர்களில் கௌரவக் குறைச்சல் இல்லை.

7. இன்றைய முதுகலையைப் படித்தவர் மட்டும் என்ன கிழித்துவிட்டார்?

நியாயமான கேள்வி, இதில் நானும் எதிர்த்தரப்பும் ஒரே பக்கம். இன்றைய நிகழ்த்துகலை முதுகலை, மேடைக்காக வகுத்தது. ராகம் தானம் பல்லவியில் தேறியவர் எட்டாம் வகுப்பு பி பிரிவில் நாற்பத்தைந்து பேர் முன்னால் நின்றால் அங்கே அவருடைய பல்லவி உதவாது. பி.எட். படிக்கலாம் என்றாலோ, மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று விருப்பப் பாடங்கள் வரிசையாக இருக்கின்றன. இசை கற்பிப்பதை விருப்பப் பாடமாக எடுக்கக்கூடிய கல்லூரி எளிதில் அகப்படாது. 2014-இல் ஆசிரியர் கல்விக் குழு நிகழ்த்துகலைக் கல்விக்கென்று ஒரு பட்டயப் படிப்பை வகுத்தது. துறை தனி என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சேர்கிற இரண்டு வருஷப் பட்டயம் அது. கலையே கைவராத வயதில் கலை கற்பிக்கும் முறையை ஏற்றினால் இரண்டும் அரைகுறையாகத்தான் நிற்கும். முதலில் கலையில் இளங்கலை, அதன் மேல் கற்பித்தலில் முதுகலை என்ற வரிசையை நான் வலியுறுத்தக் காரணம் இதுவே.

இன்றைய பட்டம் பயனற்றது என்பதிலிருந்து பட்டமே வேண்டாம் என்ற முடிவு எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. படிப்பு மோசம் என்றால் அதைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்குத் திருவனந்தபுரத்தைவிட வசதியான ஊர் கிடையாது. ஸ்வாதித் திருநாள் அரசு இசைக் கல்லூரி தைக்காட்டில் இருக்கிறது. அரசு ஆசிரியர் கல்விக் கல்லூரியும் அதே தைக்காட்டில் இருக்கிறது. கிழக்கேகோட்டையிலிருந்து இரண்டுக்கும் ஆட்டோவில் சில நிமிஷம். இரண்டும் சேர்ந்து ஒரு முதுகலை நடத்தட்டும். முதல் வருஷம் குழந்தைக் குரல், கூட்டுப் பாட்டு, தாள விளையாட்டு, நாடக விளையாட்டு, உடலியக்கம், மலையாளத்திலும் தமிழிலும் குழந்தைப் பாடல் தொகுப்பு. இரண்டாம் வருஷத்தில் பாதி நாள் பள்ளியில்: சாலைக் கடைத்தெருப் பக்கமும் கோட்டைக்குள்ளும் உள்ள தமிழ், மலையாள வழி அரசுப் பள்ளிகளில், தேறிய ஆசிரியரின் கண் முன்னால். இறுதித் தேர்வு கச்சேரியாக இருக்க வேண்டாம். ஒரு வகுப்பை ஒரு பருவம் முழுக்க நடத்தியதன் பதிவு, தொடக்கத்தில் பாடாத குழந்தை கடைசியில் பாடுகிறதா என்ற சோதனை, இவை போதும்.

யாருக்கு இழப்பு என்று பார்த்துவிட்டு முடிக்கிறேன். நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் எந்த நாளில் எந்த ராகம் என்று முன்கூட்டியே தெரிந்த சபை கிழக்கேகோட்டையில் இருக்கிறது. கைதட்டக் கூடாது என்ற நியதியைக் காக்கும் அளவுக்குத் தேர்ந்த சபை. அந்த மண்டபத்திலிருந்து நடக்கிற தூரத்தில் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர்களின் பிள்ளைகளும் கரிமடம் குடியிருப்புப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். முதல் கூட்டத்தின் வீடுகளுக்குப் பாட்டு வாத்தியார் வருகிறார்; அவருக்குப் பட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தைக்கு நஷ்டமில்லை. இரண்டாம் கூட்டத்துக்குப் பள்ளிக்கூடம் ஒன்றே வழி. கலைக்குப் பட்டம் எதற்கு என்று உரக்கக் கேட்கிறவர்கள் அநேகமாக முதல் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்பது தற்செயல் அல்ல.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. கலையைப் பாடவேளையுள்ள பாடமாக்குவது. அதற்கு முழுநேரப் பணியிடம் உருவாக்குவது. அந்தப் பணியிடத்துக்கு வகுப்பறையை நோக்கிய முதுகலையைத் தகுதியாக எழுதுவது. மூன்றையும் ஒன்றாகச் செய்தால்தான் பலன். படிப்பை மட்டும் தொடங்கினால் வேலையில்லாப் பட்டதாரிகள் மிஞ்சுவார்கள். பணியிடத்தை மட்டும் தந்தால் பழைய வகுப்பே தொடரும். பணம் எங்கே என்ற கேள்வி அடுத்து வரும். ஐந்து நாளுக்கு 25 மேடை போட்டு, அத்தனை பேருக்கும் சோறு போட இந்த மாநிலத்துக்குப் பணம் கிடைக்கிறது, கிடைக்கவும் வேண்டும். அப்படியானால் தட்டுப்பாடு பணத்தில் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் கலை வேண்டும் என்ற தீர்மானத்தை இதுவரை யாரும் எடுக்கவில்லை. பட்டம் எதற்கு என்ற கேள்வி, அந்தத் தீர்மானத்தைத் தள்ளிப்போட வசதியாக இருக்கிறது. அந்த வசதியை இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது.